அழைத்தால் வரும் பேய்

தமிழாசிரியன் ஒருவன் இரத்தம் குடிக்கும் பேய்களின் காதற் கதைகளை விரும்பி வாசிக்கிறான் என்றால் இலக்கிய அன்பர்கள் முகஞ் சுளிப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மறைத்து வைத்த அச்சுவையை இன்று வெளியிடவேண்டிய நிலை எனக்கு வந்துவிட்டது.

சென்ற வாரம் உயர்தர வகுப்பிலே, இலக்கணப் புத்தகத்தின் மறைவில் ஒரு மாணவி ‘ருவைலைற்’ நாவலை வாசித்துக்கொண்டிருந்தாள். ஸ்ரெபனி மேயர் எழுதி 2005 இல் வெளிவந்த நூல் அது. பறித்தெடுத்தேன். “படிக்கிற பிள்ளை வாசிக்கிற புத்தகமோ இது?” என்றும் கேட்டேன். நாக் கேட்டதே தவிர நெஞ்சு உடன்படவில்லை.

ஏனெனில், 1990 களின் தொடக்கத்தில் இதே வயதில் நானும் இத்தகைய நூலொன்றை ஒளித்து வாசித்தவன். பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் மின்சாரம் அற்று, மண்ணெண்ணெயும் அருகிப்போன காலம் அது. சில துளி எண்ணெயில் நெடுநேரம் எரியும் ஜாம் போத்தல் விளக்கின் சுடரில், அட்டையிழந்த ‘டிராக்குலா’ ஒன்றை வாசித்தேன். பிராம் ஸ்ரோக்கர் எழுதி 1897 இல் வெளியான அந்நூலின் ஒரு விதி என்னைப் பிணித்தது. வீட்டார் ஒருவர் முதலில் அழைத்தாலன்றி அப்பேய் வாசற்படி தாண்ட இயலாது! கூரையைப் பிளந்துகொண்டு வரும் எறிகணைகளை அறிந்த எனக்கு, வாசலில் நின்று உத்தரவு கேட்கும் சாவு எத்துணைப் பண்புடையதாகத் தோன்றியது! அச்சத்தை நாடியல்ல, அச்சமும் ஓர் ஒழுங்குக்குள் நிற்பதைக் காணவே பக்கங்களைப் புரட்டினேன்.

அவ்வொழுங்கிலேதான் காதலும் பிறக்கிறது. லெ பானுவின் ‘கார்மிலா’ டிராக்குலாவுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் மூத்தவள். விருந்தினளாக ஏற்கப்பட்ட அவள், இல்லத்துப் பெண்ணிடம் அன்பு சொரிந்தபடியே அவளுயிரை உறிஞ்சுகிறாள். மேயரின் நாயகனோ, காதலியின் குருதிமீது எழும் தாகத்தை அடக்கிக்கொண்டு அவளருகில் அமர்கிறான். கொல்ல வல்லவன் கொல்லாதிருப்பதே இங்கு காதலின் அளவுகோல். சினம் பலிக்குமிடத்தில் அதனைக் காப்பவனே காப்பவன் என்ற வள்ளுவர் இதனை வெறுத்திருப்பாரா?

நமக்கும் இது புதிதன்று. கணவனாற் கொல்லப்பட்ட பழையனூர் நீலி, மனைவி வடிவில் மீண்டு வந்தாள். அவளும் நினைத்தவுடன் பழிதீர்க்கவில்லை. வேளாளர் எழுபதின்மரிடம் முறையிட்டு, அவர்களது இசைவைப் பெற்ற பின்னரே தீர்த்தாள். நீலியை மரபென்று போற்றும் நாம், பிறநாட்டு நீலிகளைக் குப்பையென்று ஒதுக்குவது நேர்மையாகுமா? குப்பையும் அங்குண்டு. வாசித்தவனல்லவா அதனைப் பிரித்தறிவான்?

பறித்த நூலை அன்றிரவே வாசித்து முடித்தேன். மறுநாள் அதனைத் திருப்பிக் கொடுத்து, இலக்கணப் பாடத்தில் மட்டும் வாசிக்கவேண்டாமென்றேன்.

“சேர், நீங்களும் வாசிச்சனீங்களோ?” என்று மெல்லக் கேட்டாள் அவள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. “ரெண்டாம் பாகம் இருக்கோ, பிள்ளை?” என்றேன்.