சுவரில் தொங்கும் தேச சரித்திரம்

உசிலம்பட்டிச் சீமையில் எந்தக் கிராமத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் படமில்லாத சுவரைக் காண்பது அரிது. வாயிலுக்கு நேரே மீனாட்சியோ முருகனோ. அதற்கு அருகே காலஞ்சென்ற பாட்டனார். எதிர்ச் சுவரில் காந்தியடிகள், நேதாஜி, முத்துராமலிங்கத் தேவர். கஞ்சிக்கு முடை வந்த காலத்திலும் ஒரு படத்துக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டு மாட்டத் தவறாத ஜனங்கள் நம்மவர். ஆயினும், அப்படங்கள் எவர் கையால் எழுதப்பட்டவை, எங்கே அச்சானவை, இன்னும் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று கேட்பவர் நூற்றில் ஒருவரும் இலர். ஆண்டு பிறந்ததும் பழைய காலண்டர் அடுப்பங்கரைக்குப் போகிறது. வெள்ளையடிக்கும்போது இறக்கிய பழைய படம் பரணுக்குப் போகிறது. பரணில் கரையான் தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. இதனைச் சிறு விஷயமென்று தள்ளிவிடுதல் தகாது. தன் சித்திரங்களைத் தான் பேணாத ஜாதி, தன் சரித்திரத்தைப் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையை அடையும்.

படம் வந்த வழி

கோயிலிலும் அரண்மனையிலும் இருந்த சித்திரம் குடியானவன் வீட்டுக்கு வந்தது கல்லச்சின் உபகாரத்தால். ராஜா ரவி வர்மா 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவி, வர்ணத்துக்கு ஒரு கல்லாக எழுதுவித்துத் தம் லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் ஏழை எளியவரும் வாங்கும் விலைக்கு அச்சிட்டார். அந்த ரவி வர்மாவுக்கு ஆரம்பக் கல்வி தந்த அவர் மாமன் ராஜ ராஜ வர்மா, சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் இருந்த மதுரை அழகிரி நாயுடுவிடம் பயின்றவர் என்பதை நம்மவர் பலர் அறியார். மதுரைக் கைத்திறன் திருவிதாங்கூர் வழியாகப் பம்பாய் சென்று, அச்சேறி, மீண்டும் மதுரைச் சுவருக்கே வந்து சேர்ந்தது எனலாம்.

பின்னாளில் அத்தொழில் நமக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்திலேயே வேரூன்றிற்று. மயிலாப்பூரில் 1898-இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சிலகாலம் இருந்து, பின்னர் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிய கொண்டைய ராஜு, அக்கம்பெனி கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய கஜலக்ஷ்மியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி, தமிழ்நாட்டு வீடுகளில் எல்லாம் குடியேறின. 1976-இல் அவர் மறைந்தார். கடைக்காரர் இனாமாகக் கொடுத்த காலண்டர்தானே என்று நாம் கிழித்தெறிந்தவற்றை இன்று அயல்நாட்டு ஆராய்ச்சியாளர் தேடிப் பிடித்துப் புத்தகம் எழுதுகின்றனர்.

அழித்தவனே காத்த வினோதம்

தேசத்தொண்டில் ஈடுபட்ட அன்பர்கள் கவனிக்கவேண்டிய மற்றொன்று உண்டு. விடுதலைப் போராட்ட நாட்களில் சொற்பொழிவு செய்யாத வேலையைப் படம் செய்தது. எழுத்தறியாதவனும் பாரதமாதாவின் விலங்கைப் படத்தில் கண்டான். பகத்சிங் 1931-இல் தூக்கிலிடப்பட்டபின் அவ்வீரனின் படங்கள் ஆயிரக்கணக்கில் அச்சாகி விற்றன. அந்நிய சர்க்கார் அஞ்சியது. 1910-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தையும் அதற்குப் பின்வந்த சட்டங்களையும் கொண்டு துண்டுப் பிரசுரங்களைப் போலவே படங்களையும் தடைசெய்து பறிமுதல் செய்தது.

பறிமுதலான பிரதிகளுள் பல இன்று டில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. நம் பாட்டன்மார் உயிருக்குத் துணிந்து சுவரில் மாட்டிய பிரதிகளோ செல்லரித்து மண்ணாயின. தடைசெய்தவன் கோப்பில் சேர்த்து வைத்தான், நேசித்தவன் இழந்துவிட்டான். இதைவிட வெட்கக்கேடு வேறு உண்டோ?

ஹரிபுரா காட்டிய வழி

1938 பிப்ரவரியில் குஜராத்தில் ஹரிபுரா கிராமத்தில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தலைமை வகித்தவர் சுபாஷ் சந்திர போஸ். பந்தலை அலங்கரிக்கும் பொறுப்பைக் காந்தியடிகள் நந்தலால் போஸிடம் ஒப்புவித்தார். அவரும் அவர் மாணாக்கரும் கையால் செய்த காகிதத்தில் மண்வர்ணங்களைக் குழைத்து, உழவனையும் தச்சனையும் நூற்கும் பெண்ணையும் மேளம் கொட்டுபவனையும் நானூறு படங்கள் வரை எழுதினர். வழியே போகும் விவசாயி நின்று பார்ப்பதற்காக அவை வாயில்களில் மாட்டப்பட்டன. அன்று எழுதிய நந்தலாலின் படைப்புகளை இந்திய சர்க்கார் பிற்காலத்தில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசியக் கலைச் செல்வமென்று அறிவித்தது. அவற்றை நாட்டை விட்டு விற்று அனுப்ப இயலாது.

இன்று நம் அரசியல் கூட்டங்களின் நிலை என்ன? ஒரு மாநாட்டுக்கு எத்தனை பிளெக்ஸ் தட்டிகள்! எழுதும் கை ஒன்றும் அவற்றில் இல்லை. வெயிலில் வெளிறி, காற்றில் கிழிந்து, பின்னர் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகின்றன. இரண்டாயிரம் ஆண்டு பிறந்தபின் அத்தட்டிகள் பெருகவே, மதுரையிலும் சுற்றூர்களிலும் சுவரெழுத்தும் கட்-அவுட்டும் எழுதிப் பிழைத்த சித்திரக்காரர் பலர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டனர். சுதேசித் தொழில் என்று மேடையில் முழங்கிவிட்டு, நம் ஊர்க் கைத்தொழிலாளியை நாமே பட்டினி போடுவது எந்த நியாயம்?

உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் கைரேகைச் சட்டத்தை எதிர்த்த மக்கள் போலீசாரின் துப்பாக்கிக்கு இரையாயினர். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுசென்ற மாயக்காள் என்னும் மாதரசியும் மாண்டாள் என்று ஊரார் இன்றும் கண்ணீருடன் சொல்வர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிந்தது. அந்நாளைக் கைதேர்ந்த ஓவியர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்து, தம் வீட்டுக் கூடத்திலோ கட்சி அலுவலகத்திலோ வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்? ஒரு மாநாட்டுத் தட்டிச் செலவில் ஒரு பங்கு போதும்; நூறாண்டு பேசும் சித்திரம் ஒன்று கிடைக்கும்.

வாங்குவோர் அறியவேண்டியவை

மூலச் சித்திரம் வாங்குவது தனவந்தர் விளையாட்டு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளில் பயின்று வெளிவரும் இளைஞர்களின் படங்களை நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கலாம். 1966-இல் கே.ஸி.எஸ். பணிக்கர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஓவியர்கள் துணியில் பாடிக் சாயம் தோய்த்து விற்றுத்தான் தம் கலையை வளர்த்தனர். வாங்குவோர் இருந்தாலன்றோ கலை நிலைக்கும்!

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. இந்நாளில் யந்திரம் கித்தான் துணியிலேயே மையைத் தெளித்து அச்சிடுகிறது. அதன்மேல் பசையைத் தீட்டித் தூரிகைத் தடம்போலக் காட்டி, கையால் எழுதியது என்று விற்பாரும் உளர். பூதக்கண்ணாடி ஒன்று கையில் இருந்தால் போதும். ஆப்செட் அச்சில் வர்ணப் புள்ளிகள் ஒழுங்காக வரிசைப்பட்டு நிற்கும். பழைய கல்லச்சில் புள்ளிகள் மணலைத் தூவியதுபோல் ஒழுங்கின்றிக் கிடக்கும். மூலத்தில் புள்ளியே இராது. வர்ணம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தூரிகை போன வழியைக் காட்டும். படத்தைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தல் வேண்டும். துணியின் வயதையும் ஆணியின் துருவையும் விற்பவன் எளிதில் மறைக்க இயலாது.

அச்சுப் படம் வாங்குவது இழிவன்று. ஓவியரே தம் கையால் கல்லில் எழுதியோ செப்புத் தகட்டிலோ மரத்திலோ கீறியோ எடுத்த பிரதிகள் மதிப்புடையவை. அவற்றின் அடியில் 5/50 என்று பென்சிலால் எழுதியிருப்பின், ஐம்பது பிரதிகளுள் ஐந்தாவது என்று பொருள். எதை வாங்கினும் ஓவியர் பெயர், எழுதிய ஆண்டு, சாதனம், நீள அகலம் ஆகியவை குறித்த ரசீதைக் கேட்டு வாங்குதல் முறை. இன்னொன்றையும் மறக்கலாகாது. படத்தை விலைக்கு வாங்கியவர், ஓவியர் எழுதிக் கொடுத்தாலன்றி, அதனைச் சுவரொட்டியாகவோ காலண்டராகவோ அச்சிடும் உரிமையை வாங்கியவராகார். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வுரிமையை ஓவியருக்கே, அவர் வாழ்நாளும் அதற்குப்பின் அறுபது ஆண்டும் அளிக்கிறது. கட்சிக்காரர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

பேணும் முறை

நம் சமவெளியின் வெயிலும், ஐப்பசி கார்த்திகை ஈரமும், கரையானும், இராமபாணப் பூச்சியும் சித்திரத்தின் ஜன்மப் பகைவர். மழைச்சாரல் படும் சுவரில் படம் மாட்டலாகாது. ஜன்னல் வெயில் நேரே விழும் இடமும் ஆகாது. வெயில் தின்ற வர்ணம் திரும்பி வாராது. சட்டத்தின் கீழ்முனைகள் இரண்டிலும் சிறு தக்கைகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோடும், பூச்சி அண்டாது.

காகிதப் படம் கண்ணாடியைத் தொடலாகாது. இடையே அட்டை விளிம்பு கொடுத்தால் மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாது. பழைய படங்களின் முதுகில் உள்ள மரப்பலகையும் மட்ட அட்டையும் புளிப்புக் கசிந்து காகிதத்தைப் பழுப்பாக்கும். அவற்றை நீக்கி, அமிலமற்ற அட்டையை வைக்கவேண்டும். செல்லோடேப் ஒட்டுவது படத்துக்குச் சூடு போடுவதற்கு ஒப்பாகும். எல்லாவற்றினும் கொடியது லாமினேஷன். பாட்டன் காலத்துப் படம் கிழிந்துவிடும் என்று அஞ்சிப் பிளாஸ்டிக்கில் வைத்துச் சுட்டு ஒட்டுகின்றனர். ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை. காத்ததாக எண்ணிக் கொன்றுவிடுகிறோம்.

பூஜை நம் மரபு. அதனை விடுமாறு எவரும் கூறவில்லை. சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின்மேல் இருக்கட்டும், காகிதத்தில் வேண்டா. விளக்கும் ஊதுவத்தியும் படத்துக்கு அடியிலேயே எரிந்தால் புகை படியும். ஒரு முழம் தள்ளி வைத்தால் தெய்வம் கோபிக்காது. எண்ணெய்ச் சித்திரத்தை ஈரத்துணியாலோ உருளைக்கிழங்காலோ எண்ணெய் தடவியோ துடைக்கலாகாது. உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். கித்தானைச் சுருட்ட நேர்ந்தால், வர்ணம் வெளிப்புறம் இருக்க, பருத்த குழாயில் சுற்றவேண்டும். உட்புறம் சுற்றினால் வர்ணம் நொறுங்கும். மிகவும் சிதைந்ததைத் தெருமுனைச் சட்டக்காரரிடம் கொடாமல், அறிந்தவரை நாடுதல் உத்தமம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இதற்கென்றே ரசாயனப் பாதுகாப்புக் கூடம் உண்டு.

அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் நாயக்கர் கால இராமாயணச் சித்திரங்களை இன்றும் காணலாம். பழைய சித்திரங்கள் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்த கோயில்கள் நம் நாட்டில் பல. ஒரு வாளிச் சுண்ணாம்புக்கும் ஒரு தலைமுறையின் அலட்சியத்துக்கும் முன்னூறு ஆண்டு உழைப்பு ஈடுகொடுக்காது.

ஆகவே அன்பர்களே, இன்று மாலை வீடு சென்றதும் பரணில் கிடப்பதை இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். எவர் படம், எவர் வாங்கியது, எந்த ஆண்டு மாட்டியது என்று வீட்டிலுள்ள முதியவரைக் கேட்டு, ஒரு தாளில் எழுதிச் சட்டத்தின் பின்னே செருகுங்கள். அடுத்த பொங்கலுக்குள் உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவரிடம் ஒரு சித்திரமேனும் வாங்குங்கள். அருங்காட்சியகம் நகரத்தில் இருக்கட்டும். உசிலம்பட்டியின் அருங்காட்சியகம் உசிலம்பட்டி வீட்டுச் சுவரே.