இரட்டைக் கார்புரேட்டரைச் சமன் செய்வது எப்படி?

சென்ற பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கல் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, நம் சங்கத்து நண்பர் ஒருவரின் மகன் என் அருகில் வந்து, "அங்கிள், நீங்க ரயில்வேயில டீசல் இன்ஜின் பார்த்தவர்னு அப்பா சொன்னார். ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்றார். போபாலில் யாரிடமிருந்தோ ஒரு பழைய ராஜ்தூத் 350 வாங்கியிருக்கிறாராம். நின்ற இடத்தில் ஓட்டும்போது குதிக்கிறது, இரண்டு சைலன்ஸரிலும் புகை ஒரே மாதிரி வரவில்லை, கார்புரேட்டர்களைச் சமன் செய்ய வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அதற்காக நான்கு கடிகாரங்கள் கொண்ட வேக்குவம் கேஜ் செட் ஒன்றை வாங்கப் போவதாகச் சொல்லி, கைபேசியில் படத்தைக் காட்டினார்.

"தம்பி, இதை உன் வண்டியில எந்த இடத்துல மாட்டுவே?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். பொங்கல் ஆறிவிட்டது.

அன்று நின்றபடியே சொன்னதைச் சற்று விரிவாக எழுதித் தரும்படி நம் இதழாசிரியர் கேட்டுக்கொண்டதால் இக்கட்டுரை. நம் உறுப்பினர் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான வண்டிகளுக்கு இது தேவைப்படாது. ஸ்ப்ளெண்டர், பழைய புல்லட், ஸ்கூட்டர் எல்லாம் ஒரே சிலிண்டர், ஒரே கார்புரேட்டர். ஒன்றை எதனோடு சமன் செய்வது? 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாக இல்லாமலே போய்விட்டது. ஆனால் பழைய வண்டிகளைத் தேடி வாங்கிச் சீர்செய்து ஓட்டும் ஆசை இளைஞர்களிடம் பெருகியிருக்கிறது. அவர்களுக்கும், அவர்களைப் பெற்றுவிட்டுக் கவலையோடு வாசலில் நிற்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில், எதற்காக இந்தச் சமன்? இரண்டு சிலிண்டர் உள்ள இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் கார்புரேட்டர் இருந்தால், இரண்டும் ஒரே அளவு திறக்க வேண்டும். ஒன்று சற்று முன்பாகத் திறந்தால் அந்தச் சிலிண்டர் அதிகம் இழுக்கும், அதிகம் சூடாகும். மற்றது சும்மா உடன் வரும். கோயில் தேரில் ஒரு வடத்தை மட்டும் பத்துப் பேர் முன்னால் இழுத்தால் தேர் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். நான் வேலை பார்த்த இடார்சி டீசல் ஷெட்டில் டபிள்யூ.டி.எம்.2 இன்ஜின்கள் வரும். 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி எரிபொருள் பம்பு, அந்தப் பம்புக்கு ஒரு ரேக். கவர்னர் ஒரு தண்டைத் திருப்பினால் 16 ரேக்குகளும் ஒரே அளவு நகர வேண்டும். ஒன்று தவறினாலும் அந்தச் சிலிண்டரின் புகைபோக்கிச் சூடு காட்டிக்கொடுத்துவிடும். அளவு சிறியதானாலும் ராஜ்தூத்தின் சங்கதியும் இதுதான்.

இதற்கான கருவிகள் பல. எது என்பதை இன்ஜின்தான் தீர்மானிக்க வேண்டும்.

வேக்குவம் கேஜ் என்பது நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு உரியது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள குழாயில், இன்ஜின் உறிஞ்சும்போது காற்றழுத்தம் குறையும். அந்தக் குறைவை அளப்பதே இதன் வேலை. 1959-இல் வந்த ட்ரையம்ப் போனவில்லில் இரண்டு கார்புரேட்டர், 1969-இல் வந்த ஹோண்டா சி.பி.750-இல் நான்கு. நான்கு கார்புரேட்டர் உள்ள வண்டியில் நான்கு கடிகாரமும் ஒரே சமயத்தில் தெரிவது பெரிய வசதி. ஒரு கார்புரேட்டரை ஆதாரமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்குச் சரியாகக் கொண்டுவர வேண்டும்.

ஆனால் மலிவான கடிகாரங்களில் ஒன்று சொல்வதை மற்றொன்று சொல்லாது. ஆகவே வாங்கியவுடன் எல்லாக் கடிகாரங்களையும் ஒவ்வொன்றாக ஒரே சிலிண்டரில் மாட்டி, எது எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியில் வேறுபாடு தெரிந்தால், இடது வலது குழாய்களை மாற்றி மாட்டிப் பாருங்கள். வேறுபாடு கடிகாரத்தோடு சேர்ந்து நகர்ந்தால் குறை கடிகாரத்தில். அதே சிலிண்டரில் நின்றால் கார்புரேட்டரில். ஷெட்டில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அளக்கும் கருவியைச் சந்தேகிக்காதவன் நல்ல இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிடுவான்.

கடிகாரத்துக்கு முன்பு பாதரசக் குழாய்கள் இருந்தன. மிக நேர்மையான கருவி, பொய் சொல்லாது. இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. குழாய் உடைந்தால் பாதரசம் தரையின் இடுக்கில் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத ஆவியாக வந்துகொண்டே இருக்கும். துடைப்பத்தால் பெருக்கினால் இன்னும் சிறு துளிகளாகப் பரவும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது விளையாட்டல்ல. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியாவும் 2018-இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். (கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் 'ரசம்' பெயரில்தான் இருக்கிறது. உள்ளே ஓடுவது சாராய வகைத் திரவம். பயப்பட வேண்டாம்.)

கொத்தனாரைப் பற்றிச் சொன்னதும் எனக்குப் பிடித்த கருவி நினைவுக்கு வருகிறது. வீடு கட்டும்போது இரண்டு மூலைகளின் மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைப் பிடிப்பார்களே, அதுவேதான். நாலு மீட்டர் டியூப் வாங்கி, ஒரு மரச் சட்டத்தில் 'ப' எழுத்து போல, இரண்டு கால்கள் மேலே நிற்கும்படி கட்டுங்கள். பாதி உயரத்துக்கு டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, இரண்டு முனைகளையும் இரண்டு சிலிண்டர்களின் வேக்குவம் துளைகளில் மாட்டினால் தீர்ந்தது. அதிகம் உறிஞ்சும் பக்கம் ஆயில் ஏறும். மட்டம் சமமானால் கார்புரேட்டர்கள் சமம். ஷெட்டில் இன்ஜினின் கிராங்க் கேஸ் வேக்குவத்தைத் தண்ணீர் நிரப்பிய இதே மாதிரி வளைகுழாயில்தான் பார்ப்போம்.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம், ஆயில் தண்ணீரைவிடச் சற்று லேசு. பாதரசத்தில் 1 செ.மீ. வேறுபாடு, ஆயிலில் 15 செ.மீ.க்கு மேல் தெரியும். கடிகார முள் அசையாத வேறுபாட்டைக்கூட இது காட்டிவிடும். அதே காரணத்தால் ஆபத்தும் உண்டு. கார்புரேட்டர்கள் மிகவும் விலகி இருந்தால் ஒரு சிலிண்டர் ஆயிலை அப்படியே குடித்துவிடும். தண்ணீருக்குப் பதில் ஆயில் ஊற்றச் சொன்னது அதற்காகத்தான். சிறிது குடித்தால் புகை விடும், அவ்வளவே. முதலில் கண்ணால் பார்த்து ஓரளவு சமன் செய்த பிறகே டியூபை மாட்டுங்கள், சாவியில் ஒரு கை இருக்கட்டும். மட்டம் துள்ளிக்கொண்டே இருந்தால் மீன் தொட்டிக் காற்றுக் குழாயில் போடும் சிறு திருகு வால்வை இரு பக்கமும் போட்டுச் சற்று இறுக்கினால் அடங்கும்.

இனி நம் தம்பியின் ராஜ்தூத்துக்கு வருவோம். 1983-இல் யமஹா ஆர்.டி.350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இங்கே கொண்டுவந்தபோது நான் வேலையில் சேர்ந்த புதிது. என் ஓராண்டுச் சம்பளம் அதற்குப் போதாது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், இரண்டு மிக்குனி கார்புரேட்டர். இதில் கேஜ் மாட்டுவதற்கான துளைகள் கிடையாது. தம்பி காட்டிய செட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த வண்டியில் அலமாரிப் பொருள்தான்.

இதற்குத் தேவையானவை ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட், ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி, நம் விரல்கள். விருப்பமிருந்தால் கார்புரேட்டர் வாயில் வைக்கும் காற்று மானி ஒன்று வாங்கலாம். அதில் ஒரு சிறு மிதவை காற்றின் வேகத்துக்கு ஏற்ப மேலே ஏறும். ஒரு கார்புரேட்டரில் வைத்து உயரத்தைப் பார்த்துவிட்டு, திருகைத் தொடாமல் மற்றதில் வைத்து ஒப்பிட வேண்டும். மிதவைக் குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

சமன் செய்வதற்கு முன் மற்றவை ஒழுங்காக இருக்க வேண்டும். இரண்டு பிளக், இரண்டு பாயின்ட் இடைவெளி, மிதவை மட்டம், இரண்டிலும் ஒரே எண் ஜெட், ரப்பர் இணைப்பில் காற்றுக் கசிவு இல்லாமை. ஸ்லைடுகளின் வெட்டுப் பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். இடது வலது மாற்றிப் போட்டு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்ஜின் நின்றிருக்க, ஏர் ஃபில்டர் ரப்பரைக் கழற்றுங்கள். இரண்டு கேபிளிலும் சிறிது தளர்வு விட்டு, ஐடிலிங் திருகுகளைப் பின்னால் எடுத்து ஸ்லைடுகளை அடியில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் ஒரு டிரில் பிட்டின் மழமழப்பான பின்பகுதியை நுழைத்து, அது லேசாகப் பிடிபடும் வரை திருகை உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டு பக்கமும் விரலுக்கு ஒரே பிடிப்புத் தெரிய வேண்டும். இது ஐடிலிங் சமன். இப்போது பிட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரை மிக மெதுவாகத் திருகுங்கள். ஸ்லைடு உயர்ந்ததும் பிட்டின் வெளிமுனை கீழே சாயும். இரண்டும் ஒரே கணத்தில் சாய்ந்தால் கேபிள் சமன். ஒன்று முந்தினால் கார்புரேட்டர் தலையில் உள்ள அட்ஜஸ்டரில் சரிசெய்யலாம். பிட்டை எடுத்துவிட்டு இரு வாயிலும் விரல் வைத்து மீண்டும் ஒருமுறை உணர்ந்து பாருங்கள். முழுவதும் திறந்த நிலையில் இரண்டு ஸ்லைடுகளும் ஒரே உயரத்துக்குப் போகின்றனவா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, பிட்டுகள் இரண்டும் வெளியே இருக்கின்றனவா என்று எண்ணிய பிறகே உதைக்கலாம்.

நான் இத்தோடு நிறுத்திவிட்டுத்தான் ஒருவரைக் கீழே தள்ளினேன்.

1986. இடார்சியில் என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பர் கடன் வாங்கி ஒரு ராஜ்தூத் 350 எடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேபிள் மாற்றி, மேலே சொன்னபடி எல்லாம் செய்து கொடுத்தேன். இன்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. எனக்கு ஏகப் பெருமை. இந்த வண்டியில் ஆக்சிலேட்டர் கேபிள் வழியில் மூன்றாகப் பிரிகிறது. இரண்டு கார்புரேட்டருக்கு, மூன்றாவது ஆயில் பம்புக்கு. கார்புரேட்டர் பக்கம் தளர்வை எடுத்த நான் பம்புப் பக்கத்தைப் பார்க்கவில்லை. ஸ்லைடுகள் நன்றாகத் திறந்த பிறகும் பம்பு பின்தங்கியே இருந்திருக்கிறது. ஹோஷங்காபாத் (2022 முதல் நர்மதாபுரம்) சாலையில் வேகமாகப் போகும்போது ஆயில் போதாமல் பிஸ்டன் பிடித்து, பின் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் கையைத் தொட்டிலில் போட்டிருந்தார். "பரவாயில்ல, நீ வேணும்னா செஞ்சே?" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவர் சம்பளத்தில் கடன் தவணை போய்க்கொண்டிருந்தது, ஓட்ட வண்டி இல்லை.

ஆகவே பம்பு எப்போதும் கடைசியில், கட்டாயம். பம்பின் கப்பியில் ஒரு குறியும் அருகே ஒரு பின்னும் இருக்கும். ஆக்சிலேட்டர் எந்த நிலையில் இருக்கும்போது இரண்டும் நேராக வேண்டும் என்பதை அந்த வண்டியின் கையேட்டில் பார்த்து, கேபிள் அட்ஜஸ்டரில் சரிசெய்யுங்கள். கார்புரேட்டர் கேபிளைத் தொட்ட ஒவ்வொரு முறையும் இதையும் பார்க்க வேண்டும். பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுபவர்களுக்கு இந்த வேலை இல்லை, ஆனால் கலக்கும் அளவில் கை தவறக் கூடாது. ஓடும்போது இன்ஜின் சத்தம் திடீரென்று அமுங்கினால் யோசிக்காமல் கிளட்சைப் பிடிக்க வேண்டும் என்பதையும் ஓட்டுபவரிடம் சொல்லி வையுங்கள்.

இனி ஸ்டார்ட் செய்யலாம். மூடிய அறையில் வேண்டாம், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். இது காற்றில் குளிரும் இன்ஜின், நின்ற இடத்தில் வெகுநேரம் ஓட்டினால் சூடேறும். முன்னால் ஒரு பெடஸ்டல் ஃபேன் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பும்போது இன்ஜின் வேகம் ஏறினால் ஏதோ ஒரு கேபிள் இழுபடுகிறது என்று பொருள். கடைசியாக, சைலன்ஸர் முனைகளிலிருந்து சற்றுத் தள்ளி உள்ளங்கைகளைக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அடி விழ வேண்டும்.

ஒரு சிலர் ராயல் என்ஃபீல்டு 650 ட்வினைப் பற்றிக் கேட்டார்கள். நம் சென்னைப் பக்கம் தயாராகி 2018-இல் விற்பனைக்கு வந்த வண்டி. அதில் கார்புரேட்டர் இல்லை, இரண்டு த்ராட்டில் பாடி உண்டு. தத்துவம் ஒன்றுதான் என்றாலும் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டிருப்பதால் கம்பெனி சர்வீஸிலேயே விட்டுவிடுவது நல்லது.

நம் தம்பி கேஜ் செட் வாங்கவில்லை. ஹார்டுவேர் கடையில் 6 மி.மீ. டிரில் பிட் இரண்டு வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலுக்கு வண்டியோடு வந்தார். கார்புரேட்டர்களில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பம்பு கேபிளின் உறை நைந்து பாதி இழைகள் அறுந்திருந்தன. புதுக் கேபிள் கரோல்பாக்கிலிருந்து வர எட்டு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை வண்டி என் வீட்டு வராந்தாவிலேயே நின்றது. சாவியை அவருடைய அப்பாவிடம் கொடுத்து அனுப்பினேன்.