‘யார் அங்கே?’ என்னும் வினா
ஹாம்லெட் முதற்காட்சியும் தமிழ் வகுப்பும்

அவல நாடகம் ஒன்றை வகுப்பில் தொடங்கும்போது, முதலிற் கதைச்சுருக்கத்தைக் கூறிவிட்டுப் பின்னர் நூலைத் திறப்பது ஆசிரியரிடையே உள்ள ஒரு வழக்கம். அரசன் இறந்தது எவ்வாறு, கொன்றவன் யார், முடிவில் மாண்டவர் எவரெவர் என்பன முன்னரே தெரிந்துவிட்டால், மாணவருக்கு எஞ்சுவது சொற்பொருள் ஒன்றே. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்திற்கு இம்முறை பெருந்தீங்கு செய்கிறது. அதன் முதற்காட்சி, அவையோரை ஒன்றும் அறியாத இருளில் நிறுத்துவதற்கென்றே அமைந்தது.

1603-இல் முதன்முதலாக அச்சேறிய இந்நாடகம் தமிழுக்குப் புதியதன்று. 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் இதனை ‘அமலாதித்யன்’ என்னும் பெயரால் தமிழாக்கினார். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பன்னிரண்டைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து விபுலானந்த அடிகள் ஆராய்ந்த ‘மதங்க சூளாமணி’ 1926-இல் வெளிவந்தது. ஆகவே, இக்காட்சியைத் தமிழ் மரபு கொண்டு விளக்குவது முன்னோர் காட்டிய வழியேயாம்.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் முதலில் தோன்றி, வருபவர் இன்னார் என்று அவைக்கு அறிவிப்பான். ஹாம்லெட்டில் அத்தகையோர் எவரும் இலர். எல்சினோர்க் கோட்டை மதில், நள்ளிரவு, கடுங்குளிர். காவலில் நிற்பவன் பிரான்சிஸ்கோ. அவனை மாற்ற வருபவன் பெர்னார்டோ. வருபவனை யார் என்று வினவுதல் நிற்கும் காவலனின் கடமை. ஈண்டோ வருகின்றவனே முதலில் வினவுகிறான்! முறை தலைகீழானதை மாணவர் தாமே கண்டுகொள்வாராயின், அவனை ஏதோ அச்சம் பற்றியிருக்கிறது என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கனைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறுகிறது. இக்காட்சியை அந்நான்கோடும் ஒப்பிட்டு நோக்குக. மதில்மேல் தோன்றும் ஆவி அணங்கின்பாற்படும். அதன் வடிவமோ, மறைந்த மன்னன் முன்பு போர்க்களத்தில் பூண்ட கவசத்தோடு கூடிய வடிவம். அணங்கும் இறையும் ஓருருவில் வந்து நிற்றலால் அச்சம் இருமடங்காகிறது. ஆவியை நம்பாத ஹொரேஷியோவும் அதனைக் கண்டபின் நடுங்குகிறான். அவனிடம் தோன்றுவது, புதுமை பற்றி வரும் மருட்கையுமாம். அழுகை இன்னும் வரவில்லை. இழவு பற்றிய அழுகை, கரிய உடையில் இளவரசன் தோன்றும் இரண்டாங் காட்சிக்குரியது.

சிலாங்கூரின் வடபகுதி மாணவருக்கு இவ்விடம் எட்டாத இடமன்று. கோல சிலாங்கூரில் மலாவத்திக் குன்றின்மேல் நின்றால் ஆற்று முகமும் மலாக்கா நீரிணையும் தெரியும். பழைய பீரங்கிகள் இன்றும் அங்குள்ளன. 1784-இல் டச்சுக்காரர் கைப்பற்றிய அக்கோட்டையை மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டார். பகைவர் கடல்வழி வருவர் என்று அங்கு விழித்திருந்தோர் நிலையே எல்சினோர்க் காவலர் நிலையும்.

தோட்டப்புறத்து நினைவு இன்னும் அணித்து. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், மலாயாவின் தோட்டப்புறங்களில் முள்வேலியும் ஊரடங்கும் இரவுக் காவலும் வாழ்க்கையின் பகுதியாயின. இருளில் வருபவன் நண்பனா பகைவனா என்று அறியாத காலம் அது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய இடங்களில் வளரும் மாணவர், பாட்டனார் பாட்டியாரிடம் அக்கால இரவுகளைப் பற்றிக் கேட்டு வருவாராயின், நாடகத்தின் முதல் வினா வெறும் அயல்நாட்டுச் சொல்லாக நில்லாது. பால்மரங்கள் செம்பனைக்கு இடங்கொடுத்து, லயத்து மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்துவிட்ட இந்நாளில், அந்நினைவைக் கேட்டு வைத்தலும் ஒரு கல்வியே.

காட்சியின் நடுவே மார்செல்லஸ் ஒரு வினா எழுப்புகிறான்: இரவுதோறும் காவல் எதற்கு? பீரங்கிகள் நாள்தோறும் வார்க்கப்படுவது எதற்கு? இளைய போர்ட்டின்பிராஸ், தன் தந்தை இழந்த நிலத்தை மீட்கப் படை திரட்டுகிறான் என்கிறான் ஹொரேஷியோ. எல்லாக் கண்களும் வெளியே பார்க்கின்றன. கேடோ அரண்மனைக்குள்ளேயே இருக்கிறது. மீண்டும் வந்த ஆவி சேவல் கூவியதும் மறைகிறது. இளவரசனிடமே இதனை உரைப்பதென மூவரும் முடிவு செய்கின்றனர். காட்சி முழுதும் அவன் மேடைக்கு வரவேயில்லை.

எனவே ஆசிரியர் செய்யத்தக்கது எளிது. கதையைக் கூறாது, காவலர் உரையாடலை இரு மாணவரைக் கொண்டு உரக்கப் படிப்பிக்கலாம். பின்னர், ‘இவர்கள் காப்பது யாரை? யாரிடமிருந்து?’ என்னும் இரு வினாக்களைக் கரும்பலகையில் எழுதி, விடை எழுதாமலே வகுப்பை முடிக்கலாம். மறுநாள் மாணவர் நூலைத் தாமே திறப்பர்.