ஒரு மீட்டர் கரைக்கு 93 டன் கல்

ஏற்றிய எடை, வெறும் வண்டி எடை, நிகர எடை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு வரும் லாரியின் கணக்கு எடைமேடைச் சீட்டில் மூன்று வரியில் முடிந்துவிடும். அங்கிருந்து கிழக்கே, திருவொற்றியூர் குப்பங்களின் ஓரம் கொட்டிய கருங்கல்லுக்கு அப்படிக் கணக்கை மூட முடியாது. பல இடங்களில் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே இருப்பது ரோடும் இந்தக் கல்லும்தான்.

முதலில் பழைய பாக்கி. சென்னைத் துறைமுக வேலை 1876-ல் தொடங்கியது. அதன் தடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து நகர்ந்து வரும் மணலை மறித்ததால் மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை தேய்ந்தது. 1876 முதல் 1975 வரை சுமார் 500 மீட்டர், 1978 முதல் 1995 வரை மேலும் 200 மீட்டர் கடலுக்குள் போனதாகப் பதிவு. வகுத்துப் பார்த்தால், ஆண்டுக்கு 5 மீட்டராக இருந்த அரிப்பு 12 மீட்டராகியிருக்கிறது. போன நிலம் ஏறத்தாழ 350 ஹெக்டேர், 865 ஏக்கர்.

இனி கல். உயரம் 5 மீட்டர், மேல் அகலம் 3 மீட்டர், கடல் பக்கம் ஒன்றுக்கு இரண்டு சரிவு, நிலப் பக்கம் ஒன்றுக்கு ஒன்றரை என்று ஒரு சுவரை வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 58.75 கன மீட்டர் வரும். கல்லிடுக்கு 40 சதவீதம் போக, கன மீட்டருக்கு 2.65 டன் வீதம் 93.4 டன். ஒரு கிலோமீட்டருக்கு 93,400 டன். லாரிக்கு 20 டன் என்றால் 4,670 நடை. டன்னுக்கு 1,000 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்தாலும் கல்லுக்கு மட்டும் 9.34 கோடி.

ஆனால் மொத்த டன் பாதி உண்மைதான். மேலடுக்குக் கல் ஒவ்வொன்றும் எத்தனை டன் என்பதில்தான் சுவரின் ஆயுசு இருக்கிறது. மேலடுக்குக் கல்லின் எடையைக் கணிக்கும் ஹட்சன் சூத்திரப்படி, கரையில் உடையும் 2 மீட்டர் அலைக்கு இதே சரிவில் 1.3 டன் கல் போதும். 3 மீட்டர் அலைக்கு 4.5 டன், 4 மீட்டருக்கு 10.6 டன். அலை இரண்டு மடங்கானால் கல் எட்டு மடங்காக வேண்டும். கைக்கு அடங்கும் கல்லை எத்தனை லாரி கொட்டினாலும் ஒரு புயல் கணக்கைத் தீர்த்துவிடும். அடியில் வடிகட்டித் துணி விரிக்காவிட்டால் பெரிய கல்லும் மணலில் புதையும். ஆண்டுக்கு 2 சதவீதம்தான் இறங்குகிறது என்று தாராளமாக வைத்தாலும் கிலோமீட்டருக்கு 1,870 டன், 93 லாரி, வருடா வருடம்.

சுவர் நிலத்தைக் காக்கும், மணலைத் தராது. மணலைப் பிடிக்கத்தான் 2004 வாக்கில் ராயபுரத்துக்கு வடக்கே கடலுக்குள் நீளும் 10 தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். அவற்றின் இடையில் மணல் சேர்ந்தது. ஆனால் அது வடக்கே போகவேண்டிய மணல். கடைசி வளைவைத் தாண்டியதும் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும். அந்தச் செலவை எந்த மதிப்பீட்டுத் தாளிலும் சேர்ப்பதில்லை என்பதே என் குறை.

உங்கள் குப்பத்துக்கு அடுத்த டெண்டர் வரும்போது எத்தனை மீட்டர் சுவர் என்பதோடு விட்டுவிடாதீர்கள். மேல் கல் ஒன்று எத்தனை டன், வருடாந்திர நிரப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.