ஆறாத நகச்சுற்று

நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலில் செருகிக்கொள்வது நம் வீட்டு வைத்தியம். பெரும்பாலும் கிருமித்தொற்றால் வரும் இந்த வீக்கம், தக்க மருந்து கிடைத்தால் சில நாளில் வடிந்துவிடும். ஆனால் ஒரே சமயத்தில் பல விரல்களில் வந்து, வாரக்கணக்கில் ஆறாமல், கூடவே வாய்ப்புண்ணும் உடம்பில் கொப்புளங்களும் இருந்தால், அது பெம்பிகஸ் வல்காரிஸ் என்னும் தன்னுடல் தாக்கு நோயாக இருக்கலாம்.

தோலின் மேலடுக்குச் செல்களைச் சட்டைப் பித்தான்போல ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் புரதம் டெஸ்மோக்ளின். இந்நோயில், கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் இந்தப் புரதத்தையே தாக்குகின்றன. பித்தான் அவிழ்ந்ததும் செல்கள் பிரிகின்றன. இடைவெளியில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. நோயாளிகளின் இரத்தத்தில் இத்தகைய எதிர்ப்பொருள்கள் இருப்பதை 1964-இல் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் பியூட்னரும் ராபர்ட் ஜோர்டனும் கண்டறிந்தார்கள்.

நகத்துக்கு இதில் என்ன வேலை? நாம் வெட்டி எறியும் நகம் உயிரற்ற தகடு. அதை உருவாக்கும் நகவேர், தோல் மடிப்புக்கு அடியில் உயிரோடு இருக்கிறது. அங்கும் அதே பித்தான்கள்தாம். மடிப்பில் கொப்புளம் உடைந்தால் விளிம்பு சிவந்து வீங்கி, நீர் கசிந்து, பொருக்குத் தட்டுகிறது. தாக்குதல் நகவேரை எட்டினால், நகம் உருவாவது சிறிது காலம் தடைப்படுகிறது. அந்தத் தடை நகத்தின் குறுக்கே ஒரு பள்ளமாகப் பதிகிறது. பிரெஞ்சு மருத்துவர் பியூ 1846-இல் விவரித்ததால் அதற்குப் பியூ கோடு என்று பெயர். உற்பத்தி முற்றிலும் நின்றுபோனால், பழைய நகம் வேர்ப்பக்கம் கழன்று மேலெழும். அடியில் மெல்லிய புது நகம் முளைத்து அதைத் தள்ளும்.

கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். ஆகவே, மடிப்பிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி ஒரு கோடு தெரிந்தால், நோய் சீறியது ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு என்று கணக்கிடலாம்.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. இந்நோயில் பிளவு மேல்தோலுக்குள்ளேயே நிகழ்வதால் பொதுவாகத் தழும்பு விழுவதில்லை. ஸ்டீராய்டு, ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகளால் நோய் அடங்கினால் நகமும் பெரும்பாலும் திரும்ப வளரும். கைநகம் முழுதாக வளர ஆறு மாதமாவது ஆகும், பொறுத்திருக்க வேண்டும். இதற்கு மாறாக, பிளவு இன்னும் ஆழத்தில் நிகழும் சில கொப்புள நோய்களில் நகவேரே தழும்பாகி, நகம் நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

நோய் அடங்கியிருக்கும்போது நகமடிப்பு மீண்டும் வீங்கினால் அது மறுதாக்குதலின் அறிகுறியாக இருக்கலாம். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்குப் பூஞ்சைத் தொற்றும் எளிதில் வரும். இரண்டையும் பார்வையால் மட்டும் பிரித்தறிய முடியாது, பரிசோதனை தேவை.

பெம்பிகஸ் தொற்றுநோய் அல்ல. நோயாளியின் கையைத் தயங்காமல் பற்றிக்கொள்ளலாம். ஆறாத நகச்சுற்றும் ஆறாத வாய்ப்புண்ணும் சேர்ந்து இருந்தால், எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் விரலை நீட்டுங்கள்.