கடலை உழும் காற்று

ஆடி மாதம். கேரளக் கடற்கரையில் மழை கொட்டுகிறது. காற்று பலமாக வீசுகிறது. மீனவர் ஒருவர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கடலில் இறங்குகிறார். தண்ணீர் சில்லென்று இருக்கிறது. சித்திரையில் இதே தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

மழை பெய்வதால் கடல் குளிர்ந்துவிட்டது என்று பலர் நினைப்பார்கள். மழைக்கும் மேகத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் கரையோரக் கடல் இவ்வளவு குளிர முக்கியக் காரணம் வேறு. இந்தக் குளிர்ந்த நீர் கடலின் ஆழத்திலிருந்து வருகிறது. அதை மேலே கொண்டுவருவது காற்று. காற்றுக்குத் துணை நிற்பது பூமியின் சுழற்சி.

அது எப்படி?

காற்று நீரைத் தள்ளுகிறது

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் மேல் ஊதுங்கள். மேலே உள்ள நீர் நகர்வதைப் பார்க்கலாம். கடலிலும் இப்படித்தான். காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், மேல்நீர் மணிக்குச் சுமார் 1 கிலோமீட்டர் நகரும். இது குறைந்த வேகம்தான். ஆனால் பருவக்காற்று இரவு பகலாக மாதக்கணக்கில் வீசுகிறது. அதனால் ஏராளமான நீர் இடம் மாறுகிறது.

நீர் ஏன் விலகிப் போகிறது?

காற்று போகும் திசையிலேயே நீரும் போகும் என்று தோன்றும். உண்மை அப்படி இல்லை.

நான்சென் என்பவர் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர். 1893-ஆம் ஆண்டு இவர் ஃபிராம் என்ற கப்பலில் வடதுருவக் கடலுக்குப் போனார். வேண்டுமென்றே கப்பலைப் பனிக்கட்டியில் சிக்க வைத்தார். பனிக்கட்டியோடு சேர்ந்து கப்பல் மிதந்து போனது. 1896-இல்தான் அது பனியிலிருந்து விடுபட்டது. அந்தப் பயணத்தில் நான்சென் ஒன்றைக் கவனித்தார். பனிக்கட்டி காற்றின் திசையில் போகவில்லை. அதற்கு வலப்பக்கமாக விலகிப் போனது. பூமி சுழல்வதுதான் காரணம் என்று அவர் கருதினார். சுவீடன் நாட்டு அறிஞர் எக்மன் இதற்குக் கணக்குப் போட்டு, 1905-இல் விரிவாக விளக்கினார்.

நீங்களே செய்து பாருங்கள்

ஓர் அட்டையை வட்டமாக வெட்டுங்கள். நடுவில் ஒரு குண்டூசியைக் குத்துங்கள். ஒருவர் அட்டையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெதுவாகச் சுழற்ற வேண்டும். வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் பூமி இந்தத் திசையில்தான் சுழலும். இன்னொருவர் நடுவிலிருந்து விளிம்புவரை பென்சிலை நேராக இழுக்க வேண்டும்.

இப்போது அட்டையைப் பாருங்கள். பென்சில் நேராகத்தான் போனது. ஆனால் கோடு வலப்பக்கம் வளைந்திருக்கும். அட்டை சுழன்றதால் வந்த வளைவு அது. பூமியின் வடபாதியில் நகரும் நீரும் இப்படியே வலப்பக்கம் விலகுகிறது. தென்பாதியில் இடப்பக்கம் விலகும். நிலநடுக்கோட்டில் விலகல் இல்லை.

கடல்நீரைப் பல அடுக்குகளாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்று மேல் அடுக்கை இழுக்கிறது. மேல் அடுக்கு அதற்கு அடுத்த அடுக்கை இழுக்கிறது. கீழே போகப்போக வேகம் குறையும். ஒவ்வோர் அடுக்கும் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பும். சில பத்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே இந்த இழுப்பு ஓய்ந்துவிடும். எல்லா அடுக்குகளையும் சேர்த்துப் பார்த்தால், நீர் காற்றுக்கு நேர் வலப்பக்கமாகப் போகிறது. எக்மன் கண்ட முடிவு இது.

கேரளக் கரையில் நடப்பது

தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரைக்கு அருகில் சற்றுத் திரும்புகிறது. அங்கே வடமேற்கிலிருந்து கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசுகிறது. இந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், உங்கள் இடக்கைப் பக்கம் கரை இருக்கும். வலக்கைப் பக்கம் நடுக்கடல் இருக்கும். நீர் வலப்பக்கம்தானே போகும்? ஆகவே கரையோர மேல்நீர் நடுக்கடலை நோக்கி விலகுகிறது.

விலகிய நீரின் இடம் காலியாக இருக்குமா? இருக்காது. அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே ஏறி அந்த இடத்தை நிரப்புகிறது. இது குமரி முனைப் பக்கம் தொடங்கி, வடக்கே கர்நாடகக் கரை நோக்கிப் பரவுகிறது. கேரளக் காற்று மட்டும் இதற்குக் காரணம் அல்ல. இலங்கைப் பக்கமும் வங்கக் கடலிலும் வீசும் காற்றின் விளைவும் கடலோரமாக வந்து சேர்கிறது.

கடலுக்கு எரு

கடலில் செத்தவை எல்லாம் அடியில் போய் மக்குகின்றன. அந்த எருச்சத்து ஆழத்தில் தங்கிவிடுகிறது. ஆழத்தில் வெயில் இல்லை. அதனால் அங்கே பாசி வளராது. அடிநீர் மேலே ஏறும்போது எருவும் வெயிலும் ஒன்று சேர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடி கோடியாகப் பெருகுகின்றன. கடல் பச்சை நிறமாகிறது.

உழவர் நிலத்தை உழுகிறார். அடிமண் மேலே வருகிறது. காற்று கடலை உழுகிறது. அடிநீர் மேலே வருகிறது.

மத்தி மீனுக்கு இந்தப் பாசிதான் உணவு. மத்தியைச் சாளை என்றும் சொல்வார்கள். இந்தப் பருவத்தில்தான் மத்தி அதிகமாக முட்டையிடுகிறது. குஞ்சுகளுக்குப் பக்கத்திலேயே உணவு கிடைக்கிறது.

ஆனால் அடிநீரில் உயிர்க்காற்று குறைவு. சில சமயம் மீன்கள் மூச்சு முட்டி, வேறு இடம் தேடிப் போய்விடும்.

மீனவர் வாழ்வு

மத்தி ஏழைகளின் மீன். விலை குறைவு. சத்து அதிகம். 2012-இல் கேரளத்தில் சுமார் 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-இல் 4 ஆயிரம் டன்கூடக் கிடைக்கவில்லை. மத்தி மீனவரின் வள்ளங்கள் வெறுமையாகத் திரும்பின. கடல் சூடாவது, பருவம் மாறுவது, அளவு மீறிப் பிடிப்பது எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

கேரளத்தில் 1988 முதல் மழைக்காலத்தில் இழுவைமடிப் படகுகளுக்குத் தடை உண்டு. இப்போது இது 52 நாட்கள். அந்த நாட்களில் இந்தப் படகுத் தொழிலாளருக்குக் கூலி இல்லை. குடும்பம் நடத்துவது கடினம். பாரம்பரிய வள்ளங்களுக்குத் தடை இல்லை. ஆனால் 10 சென்டிமீட்டருக்குச் சிறிய மத்தியை யாரும் பிடிக்கக் கூடாது என்று கேரள அரசு 2015-இல் விதி செய்தது.

இந்த விதிகளின் காரணம் இப்போது புரியும். மழைக்காலம் கடலின் விதைப்புக் காலம். உழவும் எருவும் இயற்கை தருகிறது. குஞ்சுகளை வளர விடுவது மனிதர் பொறுப்பு. விதைநெல்லைத் தின்றால் அறுவடை ஏது?

கலந்து பேசுங்கள்

1. மழைக்காலத்தில் கேரளக் கரையோரக் கடல் குளிர்வது ஏன்?
2. காற்று தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வீசினால், கேரளக் கரையோர நீர் எந்தப் பக்கம் போகும்?
3. தடைக்காலத்தில் கூலி இழக்கும் குடும்பங்களுக்கு என்ன உதவி தேவை?