தூத்துக்குடி கடைவீதியில் ஓடும் 'மீட்டர்'... கந்துவட்டி வலை எப்படி இறுக்குகிறது?

தூத்துக்குடிக்குப் போனால் மக்ரூன், பொரிச்ச பரோட்டா, துறைமுகம்னு ஒரு ரவுண்டு வருவீங்க. சாயங்காலம் கடைவீதியையும் கொஞ்சம் கவனிங்க. பைக்கில் வரும் ஒருத்தர் எதுவும் வாங்காமல் நிற்கலாம். கடைக்காரர் கல்லாவிலிருந்து பணத்தை நீட்டுவார். சின்ன நோட்டில் ஒரு 'டிக்' விழும். இதுதான் தண்டல்.

கணக்கு எப்படி?

கடன் 10,000 ரூபாய் என்பார்கள். 1,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு கையில் தருவது 9,000. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால், அசல் தினமும் குறைவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆண்டு வட்டி 75 சதவிகிதத்தைத் தாண்டும்!

பிறகு ஏன் வாங்குறாங்க? வங்கி பேப்பர் கேட்கும். தண்டல்காரர் கையெழுத்து மட்டும்தான் கேட்பார், அதுவும் வெற்று காசோலையில். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு நின்றால் மீனை நம்பியிருக்கும் கடைகளிலும் வியாபாரம் படுத்துவிடும். தவணை மட்டும் நிற்காது. தவணை தவறினால் வட்டிக்கு வட்டி ஏறும். அதுதான் 'மீட்டர் வட்டி'. அதன்பின் மிரட்டல், கடைச் சாவி பறிப்பு என்று போகும்.

இதன் கொடூரத்தை நாடே பார்த்தது, 2017 அக்டோபர் 23-ல். பக்கத்து நெல்லை கலெக்டர் ஆபீஸில் ஒரு தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகளோடு தீயில் கருகினார். நால்வருமே பிழைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. தண்டல், மீட்டர் வட்டி, மணி வட்டி என எந்தப் பெயரில் அநியாய வட்டி வாங்கினாலும் 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கியவர் அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் கோர்ட்டில் கட்டி, கணக்கை முடிக்கக் கேட்கலாம். 2022 ஜூனில் அப்போதைய டி.ஜி.பி சைலேந்திர பாபு 'ஆபரேஷன் கந்துவட்டி'யைத் தொடங்கி, தேங்கிக் கிடந்த புகார்களைத் தூசிதட்ட உத்தரவிட்டார்.

என்ன செய்யலாம்?

கட்டிய ஒவ்வொரு தவணையையும் தேதியோடு தனியாக எழுதி வைங்க. மிரட்டல் போன் வந்தால் பதிவு செய்ங்க. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுங்க. அங்கே நடக்கலைன்னா எஸ்.பி ஆபீஸ் அல்லது திங்கள்கிழமை கலெக்டர் குறைதீர் நாள். தெருவோர வியாபாரிகள், பிணை இல்லாமல் கிடைக்கும் பி.எம் ஸ்வநிதி கடனை மாநகராட்சியில் விசாரிக்கலாம்.

உங்க தெருக் கடைக்காரர் அண்ணாச்சிக்கும் இதைச் சொல்லி வைங்க. அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார்!